4 ஜிபி கணினியில் மாணவர்களுக்கு வீடியோ எடிட்டிங் கற்றுத்தர எந்த மென்பொருள்?

பள்ளி ஆசிரியை:
வணக்கம். மதுரை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீடியோ எடிட்டிங் சொல்லித்தர ஆசை. ஊர்க் கண்மாயின் மடை, கலுங்கு பற்றிப் பெரியவர்களிடம் பேசி, குழுவுக்கு மூன்று நிமிடப் படம் ஒன்று எடுக்க வேண்டும் என்பது திட்டம். படப்பிடிப்பு வீட்டிலிருக்கும் கைபேசியில்தான்.

ஆய்வகத்தில் 10 கணினிகள் இருக்கின்றன. எல்லாம் விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. புதிய மென்பொருளை நிறுவுவதற்கான கடவுச்சொல்லும் எங்கள் கையில் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏதோ கொஞ்சம் தரும்; மாதாமாதம் சந்தா கட்ட அது காணாது. டவுனில் ஒரு கடையில், விலையுயர்ந்த மென்பொருளின் திருட்டுப் பிரதியை எல்லாக் கணினியிலும் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். அதை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. வழி சொல்லுங்கள்.

திருமண வீடியோ எடிட்டர்:
டீச்சர், டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பைப் பாருங்கள். வாட்டர்மார்க் விழாது. வண்ணத் திருத்தத்தில் அதற்கு இணை இல்லை. என் வேலை முழுவதும் அதில்தான் நடக்கிறது. பிள்ளைகள் பிற்காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தாலும் கைகொடுக்கும்.

ஊடகப் பயிற்றுநர்:
அண்ணன் சொல்வது நல்ல மென்பொருள்தான், ஆனால் இந்தக் கணினிகளுக்கு அது ஆகாது. ரிசால்வுக்கு 16 ஜிபி ராமும் வலுவான கிராஃபிக்ஸ் வசதியும் வேண்டும். 4 ஜிபியில் திறப்பதற்குள் பீரியடே முடிந்துவிடும்.

டீச்சர், உங்களுக்கு ஷாட்கட் போதும். இலவசம், கட்டற்ற மென்பொருள். அதன் விண்டோஸ் பதிப்பு ஜிப் கோப்பாகவும் கிடைக்கிறது. விரித்து ஒரு ஃபோல்டரில் வைத்து அப்படியே இயக்கலாம், கடவுச்சொல் கேட்காது. வீட்டில் கணினி இருக்கும் பிள்ளைக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பவும் தடையில்லை. திருட்டுப் பிரதியைப் பிள்ளையிடம் எந்த முகத்தோடு கொடுப்பது? நீங்கள் மறுத்தது முற்றிலும் சரி.

ஆனால் ஹெச்டி தரத்துக்கு 8 ஜிபி, அதற்குக் கீழான எஸ்டி தரத்துக்கு 4 ஜிபி ராம் என்பது ஷாட்கட் சொல்லும் கணக்கு. ஆகவே 4கே ஆசையே வேண்டாம். கைபேசியிலேயே ஹெச்டியில் மிகக் குறைந்த 720பி, விநாடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்துப் படம்பிடிக்கச் சொல்லுங்கள். கேமரா அமைப்பில் ஹெச்இவிசி (வீடியோவை மிகவும் சுருக்கிச் சேமிக்கும் முறை) அல்லது ‘உயர் செயல்திறன்’ என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். பழைய கணினி அதைப் பிரித்துக் காட்டவே திணறும். பிறகு ஷாட்கட்டின் செட்டிங்ஸ் மெனுவில் ‘பிரிவியூ ஸ்கேலிங்’கை 360பி ஆக்குங்கள். எடிட் செய்யும்போது படம் சற்று மங்கலாகத் தெரியும், ஏற்றுமதியாகும் படத்தின் தரம் குறையாது. அப்படியும் இழுத்தால் அதே மெனுவில் உள்ள ‘பிராக்ஸி’யைப் போடுங்கள்; எடிட் செய்ய மட்டும் தரம் குறைந்த நகலைப் பயன்படுத்தும்.

கேடென்லைவ் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருள் இன்னும் வசதி கூடியது. கேரள அரசுப் பள்ளிகளின் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற கணினி மன்ற மாணவர்கள் அதில்தான் பழகுகிறார்கள். ராமை 8 ஜிபியாக்க முடிந்தால் அதையும் யோசியுங்கள். கழகம் தரும் பணத்தை மென்பொருளுக்குச் செலவிடாமல் ராமுக்கும், சட்டையில் குத்தும் மைக் இரண்டுக்கும் ஒதுக்குங்கள். கண்மாய்க் கரையில் காற்று பலமாக அடிக்கும். பெரியவர் பேசுவது கேட்காவிட்டால் படம் எவ்வளவு தெளிவாக இருந்தும் பயனில்லை.

பள்ளி ஆசிரியை:
மிக்க நன்றி ஐயா. ஷாட்கட் கடவுச்சொல் கேட்காமலே திறந்துகொண்டது. 720பி சோதனைப் படம் தடங்கலின்றி ஓடுகிறது. இரண்டு சிக்கல்கள். ஒரு மாணவியின் படத்தில் பாட்டியின் வாயசைவு முந்துகிறது, குரல் பிந்துகிறது. போகப்போக இடைவெளி கூடுகிறது. இன்னொரு குழு பென் டிரைவை வேறு கணினியில் செருகியதும் ‘கோப்புகளைக் காணவில்லை’ என்கிறது.

ஊடகப் பயிற்றுநர்:
முதல் சிக்கலுக்குக் காரணம் கைபேசி. வெளிச்சம் குறைந்தால் அது ஃபிரேம் வேகத்தைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். அப்படி வேகம் மாறி மாறிப் பதிவான கோப்பைத் திறக்கும்போதே ‘கன்வெர்ட் டு எடிட் ஃபிரெண்ட்லி’ என்று ஷாட்கட் கேட்கும். பிள்ளைகள் அவசரத்தில் மூடியிருப்பார்கள். மீண்டும் திறந்து, அதில் ‘குட்’ என்பதைத் தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய கோப்பை வைத்து எடிட் செய்தால் குரலும் வாயும் ஒட்டும்.

இரண்டாவது, எல்லாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. எம்எல்டி என்று முடியும் புராஜெக்ட் கோப்புக்குள் வீடியோ இருக்காது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எங்கே வெட்டினோம் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அந்தக் குழு வீடியோக்களை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டு எம்எல்டியை மட்டும் பென் டிரைவில் சேமித்திருக்கும். குழுவின் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து, வீடியோ, குரல், புகைப்படம் அனைத்தையும் அதற்குள் போட்டு, எம்எல்டியையும் அங்கேயே சேமித்த பிறகுதான் முதல் வெட்டு. பிறகு அந்த ஃபோல்டரை எங்கே கொண்டுபோனாலும் திறக்கும். நான் வகுப்பெடுக்கும்போது முதல் பாடமே இதுதான்.

திருமண வீடியோ எடிட்டர்:
டீச்சர், தமிழில் டைட்டில் போடும்போது நிர்மலா யுஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வரிகளை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். வண்ணத் திருத்தத்தில் ஐயம் வந்தால் கேளுங்கள், ஷாட்கட்டிலேயே செய்து காட்டுகிறேன்.

பள்ளி ஆசிரியை:
பாட்டியின் குரல் சரியாகிவிட்டது அண்ணா, ஐயா. ஃபோல்டர் விதியை ஆய்வகக் கரும்பலகையில் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை எல்லாக் குழுக்களும் அமர்கின்றன.