‘மாடல் செக்கிங்’: ‘மாதிரிச் சோதனை’ வேண்டாம், ‘நிலைவெளிச் சரிபார்ப்பு’ எனலாம்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு மென்பொருள் போன்ற அமைப்பு போகக்கூடிய நிலைகளைக் கருவியைக் கொண்டே ஆராய்ந்து, பிழை உண்டா என்று பார்க்கும் முறை ‘மாடல் செக்கிங்’. அதற்கு ‘மாதிரிச் சோதனை’ என்ற சொல் சென்ற வாரம் இங்கே முன்வைக்கப்பட்டது. பலரும் சரி என்று சொல்லிவிட்டீர்கள். நம் கலைச்சொல் பட்டியலில் ஏறுவதற்கு முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். சொல் அழகாக இல்லை என்பதற்காக மறுக்கவில்லை. அது நேர் எதிரான பொருளைத் தருகிறது என்பதுதான் என் கவலை.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ‘மாதிரி’ என்று எதைச் சொல்கிறார்கள்? உடம்பில் ஓடும் ஐந்து லிட்டரில் சில மில்லி எடுக்கிறார்கள், அதை வைத்து முழுவதையும் பற்றி முடிவு சொல்கிறார்கள். அரிசி மண்டியில் மூட்டையைக் குத்தி ஒரு பிடி எடுத்துப் பார்ப்பதும் மாதிரிதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் காதில் ஊறிய பேச்சு. மாடல் செக்கிங் பிறந்ததே அந்தப் பதம் செல்லாத இடத்தில்.

சிறுசேரியில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவரிடம் தமிழில் எழுதிய குறிப்பைக் கொடுத்தேன். ‘மாதிரிச் சோதனை’ என்ற தலைப்பைப் பார்த்ததுமே, “பத்து டெஸ்ட் கேஸ் எடுத்து ஓட்டிப் பார்க்கிறதுதானேண்ணா?” என்றார். அவர் மேல் தப்பில்லை. தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

அப்புறம் பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு எண்ணி (கவுண்டர்), அதன் மதிப்பு 0. இரண்டு இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் பகுதிகள், ‘த்ரெட்’) ஆளுக்கு ஒன்று கூட்ட வேண்டும். ஒவ்வோர் இழைக்கும் இரண்டே படிகள்: மதிப்பைப் படிப்பது, ஒன்று கூட்டி எழுதுவது. இந்த நான்கு படிகளும் ஒன்றோடொன்று கலந்து ஓடக்கூடிய வரிசைகள் ஆறு. ஓர் இழை முழுவதும் முடிந்தபின் மற்றது தொடங்கினால் விடை 2. அப்படிப்பட்ட வரிசைகள் இரண்டுதான். மற்ற நான்கிலும் இருவரும் 0-ஐப் படித்துவிட்டு இருவரும் 1 என்று எழுதுகிறார்கள், ஒரு கூட்டல் காணாமல் போகிறது. இழைக்குப் பத்துப் படிகள் என்று வைத்தால் வரிசைகள் 1,84,756. இதில் எந்த வரிசை ஓடும் என்பது நம் கையில் இல்லை. நம் கணினியில் ஒரே வரிசை ஆயிரம் முறை ஓடி ஆயிரம் முறையும் பச்சை விளக்கு எரியலாம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பல மாதம் சோதனையில் தேறிய மென்பொருள் கூட்டம் நெரிந்த ஒரு நாளில் ஒரே இருக்கையை இருவருக்குக் கொடுத்தது. அலுவலகத்தில் எத்தனை முறை ஓட்டியும் அந்தப் பிழையைத் திரும்ப வரவழைக்க முடியவில்லை.

ஸ்பின் போன்ற மாடல் செக்கிங் கருவி இங்கேதான் கைகொடுக்கிறது. எண்ணியின் மதிப்பு என்ன, எந்த இழை எந்தப் படியில் நிற்கிறது என்பதெல்லாம் சேர்ந்தது ஒரு நிலை. எந்தெந்த நிலைகளுக்குப் போக முடியுமோ அத்தனைக்கும் போய்ப் பார்க்கிறது. பிழை இருந்தால், எந்தப் படிக்குப் பின் எந்தப் படி ஓடியதால் அது வந்தது என்று வரிசையாக எழுதியே கொடுத்துவிடுகிறது. பலகையில் அந்தத் தடத்தைப் பார்த்தபோதுதான் தம்பிக்குப் புரிந்தது.

‘மாடல் என்றால் மாதிரி, அதை ஏன் விட வேண்டும்’ என்று ஒருவர் கேட்டிருந்தார். மூலத்திலேயே அது மாதிரி இல்லை. 1981-இல் எட்மண்ட் கிளார்க்கும் ஆலன் எமர்சனும் எழுதியபோது, தருக்கவியலில் வழங்கும் பொருளில்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள்: ஒரு வாய்பாட்டை (தருக்கக் குறியீட்டில் எழுதிய கூற்றை) மெய்யாக்கும் கட்டமைப்புக்கு அங்கே மாடல் என்று பெயர். இந்த அமைப்பு அந்த வாய்பாட்டுக்கு மாடலாகிறதா என்று பார்ப்பதால் மாடல் செக்கிங். ஏறக்குறைய அதே நேரத்தில் பிரான்சில் ஜோசப் சிஃபாகிஸும் தனியாக இதை எட்டினார். 2007-ஆம் ஆண்டின் டூரிங் விருது மூவருக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது. இதெல்லாம் ‘மாதிரி’க்குள் அடங்கவே அடங்காது. மாடலுக்குப் ‘போல்மம்’ என்றால் ஓரளவு பரவாயில்லை, ஆனால் அதுவும் ஒன்றைப் போலச் செய்த நகலையே காட்டுகிறது.

நான் முதலில் நினைத்தது ‘முழுநிலைச் சரிபார்ப்பு’. எல்லா நிலைகளையும் பார்ப்பது என்று பளிச்சென்று தெரியும். தரமணியில் ஒரு டீக்கடையில் இதைச் சொன்னபோது, தருக்கவியல் படித்த நண்பர் உடனே மடக்கினார்: “1999-இல் வந்த வரம்புக்குட்பட்ட (‘பவுண்டட்’) முறையை என்னவென்று சொல்வாய்? குறிப்பிட்ட ஆழம் வரைதானே அது பார்க்கும்? வரம்புக்குட்பட்ட முழுநிலை என்றால் முழுசா, பாதியா?” நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

அதனால் ‘நிலைவெளிச் சரிபார்ப்பு’ என்கிறேன். அமைப்பு போகக்கூடிய நிலைகளெல்லாம் சேர்ந்த தொகுப்புதான் நிலைவெளி. ‘வெளி’ கணிதத் தமிழில் ஏற்கெனவே குடியேறிய சொல், திசையன் வெளி என்று படித்திருக்கிறோம். வெளி முழுவதையும் சுற்றலாம், ஓர் எல்லை வரையும் போகலாம். நண்பரின் கேள்விக்கு ‘வரம்புக்குட்பட்ட நிலைவெளிச் சரிபார்ப்பு’ என்று தயங்காமல் சொல்ல முடிகிறது. நிலைகளை ஒவ்வொன்றாகத் தொடாமல் கூட்டங்கூட்டமாகக் கையாண்டு, 10-இன் 20-ஆம் அடுக்கு அளவுக்குப் போய்க் காட்டிய 1990-ஆம் ஆண்டு ‘சிம்பாலிக்’ முறைக்கு ‘குறியீட்டு நிலைவெளிச் சரிபார்ப்பு’. கருவி ‘நிலைவெளிச் சரிபார்ப்பி’. ஒவ்வொன்றும் பத்து நிலை கொண்ட பத்துச் செயல்கள் சேர்ந்தால் ஆயிரம் கோடி நிலைகள் வரை போகலாம் அல்லவா, அந்தத் தலைவலிக்கு ‘நிலைவெளிப் பெருக்கம்’. சொல் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். பேச்சில் ‘நிலைவெளி பார்த்தாச்சா?’ என்று தானாகச் சுருங்கும்.

ஒரு வேண்டுகோள் உண்டு. இதை ஏற்றால், ‘நிலை’ என்ற சொல்லை இந்தத் துறையில் அமைப்பின் நிலைக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். நம் பட்டியலில் ‘ரேஸ் கண்டிஷ’னுக்குப் ‘பந்தய நிலை’ என்று இருக்கிறது. படிப்பவர் அதை நிலைவெளியில் இருக்கும் ஒரு நிலை என்றே எடுத்துக்கொள்வார். யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து வரும் பிழைதானே அது, ‘முந்துபிழை’ போதும். ‘டெட்லாக்’ என்பதற்கு ‘முட்டுக்கட்டை’ எனக்கு ஒட்டவில்லை. அது ஒருவர் போடுவது, இங்கே இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேலே நகராமல் நிற்கின்றன. அதைத் தனியாகப் பேசுவோம்.

வரும் ஞாயிறு வரை காத்திருக்கிறேன். மாற்றுச் சொல் தருபவர்கள் அதை ‘வரம்புக்குட்பட்ட’, ‘குறியீட்டு’ இரண்டோடும் சேர்த்து ஒரு வாக்கியம் எழுதி அனுப்புங்கள்.