மறு: பிராண்ட் இமேஜ் - படிமமா, படிவா?

அன்பு நண்பர்களுக்கு,

‘பிராண்ட் இமேஜ்’, அதாவது ஒரு வணிகப் பெயரைப் பற்றி மக்கள் மனத்தில் இருக்கும் எண்ணம், இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் உரையாடலில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘வணிகப் படிமம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். இமேஜ் என்றால் படிமம்தானே?

ஐயா, அந்தத் ‘தானே’யில்தான் எனக்குத் தடை. படிமம் என்றதும் ஓர் உருவம் கண்முன் வந்து நிற்கிறது. கார்களின் கதையைப் பார்த்தால், உருவத்துக்கும் பிராண்ட் இமேஜுக்கும் அத்தனை ஒட்டுறவு இருப்பதாகத் தெரியவில்லை.

ஆல்ஃபா ரோமியோவின் சின்னத்தில் முடிசூடிய பாம்பின் வாயில் ஒரு மனிதன் கை விரித்துக் கிடக்கிறான். மிலானை ஆண்ட விஸ்கோந்தி குடும்பத்தின் குலச்சின்னம் அது. 1910 முதல் காரின் நெற்றியில் இருக்கிறது. பாம்பு விழுங்குகிறதா, உமிழ்கிறதா என்ற வாதம்கூட உண்டு. இத்தனை கொடூரமான படத்தைச் சுமந்துகொண்டு அந்தக் கார் அழகுக்குப் பேர் வாங்கியிருக்கிறது.

இங்கிலாந்தின் எஸ்.எஸ். கார்ஸ் நிறுவனத்துக்கு வினை வந்ததோ வெறும் இரண்டு எழுத்தால். ஹிட்லரின் எஸ்.எஸ். படை செய்த கொலைகளுக்குப் பிறகு அந்த எழுத்துகளைத் தாங்கிய காரை யாரிடம் போய் விற்பது? 1945இல் தன் கார் வரிசை ஒன்றின் பெயரையே நிறுவனப் பெயராக்கிக்கொண்டது. அதுதான் ஜாகுவார். எழுத்துகள் என்னவோ பழைய எழுத்துகளே. அவற்றின்மேல் வேறொன்று வந்து படிந்துவிட்டது.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1909 முதல் 1916 வரை கிரிட் என்றொரு கார் வந்தது. அதன் சின்னம் சுவஸ்திகம். அக்கால அமெரிக்கர்களுக்கு அது நற்பேற்றின் குறி, நம் கடைக்காரர் புதுக் கணக்கின் முதல் பக்கத்தில் போடுவதைப் போல. இன்று அந்தக் காரைப் பார்க்கும் ஐரோப்பியர் திடுக்கிடுவார்.

ஆகவே என் பரிந்துரை: பெயர்ப்படிவு. நிறுவனம் வரைந்து காட்டுவது இலச்சினை; பார்த்தவர் மனத்தில் படிந்து கிடப்பது பெயர்ப்படிவு. ‘மனத்தில் படிந்தது’, ‘பெயரில் கறை படிந்தது’ என்று நாம் ஏற்கெனவே எழுதுகிறோம். புதிதாக எதையும் கடைந்தெடுக்க வேண்டியதில்லை.

> ‘குரூட் அட்வர்டைசிங்’ என்பதற்குக் ‘கொச்சை விளம்பரம்’ சரியா?

எனக்கு உடன்பாடில்லை. கொச்சை என்பது பேச்சுவழக்குக்கு நாம் சூட்டிய பெயர். அந்தப் பாவம் செய்யாத மொழியை ஏன் இதில் இழுக்க வேண்டும்? ‘மட்டரக விளம்பரம்’ என்றாலும் பொருந்தாது. 2013 மார்ச்சில் வெளிப்பட்ட ஃபோர்டு ஃபிகோ சுவரொட்டியை நினைத்துப் பாருங்கள். முன்னிருக்கையில் இத்தாலியின் முன்னாள் பிரதமர் பெர்லுஸ்கோனி விரலை உயர்த்திச் சிரிக்கிறார். பின்பக்க டிக்கியில் கைகால் கட்டி, வாயடைத்த பெண்கள். டிக்கி விசாலமானது என்பதுதான் செய்தியாம்! வரைந்த கையில் குறையில்லை, வக்கிரம் யோசனையில் இருந்தது. அதுவும் 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமையின் கொதிப்பு அடங்காத நேரம். ஃபோர்டு ஒப்புதல் தராத படம் அது. விளம்பர முகமை தானாக வரைந்து இணையத்தில் ஏற்றியது. ஆனாலும் முகமையோடு சேர்ந்து ஃபோர்டும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. நம் மறைமலைநகர் ஆலையில் தயாரான கார் என்பதால் எனக்குக் கூடுதலாகவே உறுத்தியது.

இவ்வகைக்கு ‘இழிநகை விளம்பரம்’ என்கிறேன். பிறரை இழிவுபடுத்திச் சிரிப்பு வாங்கப் பார்ப்பது. 1979இல் லண்டனில் ஃபியட் வைத்த பலகை இன்னொரு சான்று: ‘இந்தக் கார் ஒரு சீமாட்டியாக இருந்தால் பின்புறத்தில் கிள்ளு வாங்கும்.’ யாரோ அதன் கீழேயே வண்ணம் பீய்ச்சி எழுதினார்கள்: ‘இந்தச் சீமாட்டி காராக இருந்தால் உன்மேல் ஏற்றிவிடுவாள்.’ ஜில் போஸ்னர் எடுத்த புகைப்படத்தால் இன்று நிலைத்திருப்பது அந்தப் பதில்தான். விளம்பரத்துக்குக் காசு கொடுத்தது ஃபியட். படிய வைத்தது வேறொருவர். ‘பெயர்ப்படிவு’ என்ற சொல்லில் இந்த வேறுபாடு தெரிகிறது, ‘படிமம்’ அதை மறைத்துவிடுகிறது.

> படிவு நிலவியல் சொல்லாயிற்றே?

ஆம், வண்டல் படிவதும் மெதுவாகத்தான், யாரும் திட்டமிடாமல்தான். என் கவலை வேறு: ஒரு தட்டச்சுப் பிழையில் ‘பெயர்ப்படிவம்’ ஆகிவிட்டால் ரேஷன் கடை விண்ணப்பம்போல் இருக்கும். அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வணிகம் என்பது தெளிவாகத் தெரிய வேண்டிய இடங்களில் ‘வணிகப்பெயர்ப் படிவு’ என நீட்டி எழுதலாம்.

படிவு ஏற்கப்பட்டால் ‘ரீபிராண்டிங்’ (நிறுவனம் தன் பெயரையோ சின்னத்தையோ மாற்றிக்கொள்வது) என்பதற்குச் சொல் தேடும் சிக்கலும் ஓரளவு தீரும். படிந்ததைத் துலக்க வேண்டும் அல்லவா? ஃபோக்ஸ்வாகனின் முதல் சின்னத்தில் எழுத்துகளைச் சுற்றி ஒரு பற்சக்கரம் இருந்தது. அது நாஜித் தொழிலாளர் முன்னணியின் குறி. போருக்குப் பின் சக்கரம் போயிற்று, எழுத்துகள் தங்கின. இதைப் ‘பெயர்துலக்கல்’ எனலாம். எஸ்.எஸ். ஜாகுவார் ஆனது துலக்கல் இல்லை, பாத்திரத்தையே மாற்றியது. அதற்குப் ‘பெயர்மாற்றம்’ போதும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கும் ஆங்கிலத்தை நாம் பின்பற்ற வேண்டுமா என்பதை மற்றவர்கள் சொல்லுங்கள்.