ஒன்றேகால் வருட டயட்டுக்குப் பிறகு சோற்றுக்கு எப்படித் திரும்புவது?

மல்லிகைப்பந்தல் கேட்டது:

தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 24, உயரம் 160 செ.மீ. 14 மாதம் முன்பு 61 கிலோ, இப்போது 47. பேலியோவில் (மாவுச்சத்தைக் குறைக்கும் டயட்) ஆரம்பித்தாள். பிறகு அதிலும் அளவைக் குறைத்துக் குறைத்து, காலையில் வெறும் பிளாக் காபி, மதியம் ரெண்டு முட்டையும் வெள்ளரிக்காயும், ராத்திரி ஒரு கப் சூப் என்று ஆகிவிட்டது. நாலு மாதமாக மாதவிலக்கு இல்லை. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது, எப்போதும் குளிர்கிறது என்கிறாள். கொஞ்ச நாளாக ராத்திரி 11 மணிக்கு மேல் முறுக்கு டப்பா, பிஸ்கட் பாக்கெட் எல்லாம் காலி. மறுநாள் முழுப் பட்டினி.

"போதும்க்கா, எல்லாரையும் மாதிரி சாப்பிடணும்" என்று அவளே சொல்கிறாள். அம்மா தட்டு நிறையச் சோறு வைக்கிறார். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை, வயிறு கல்லாகிவிடுகிறது. எதில் தொடங்குவது, எவ்வளவு, எந்த வரிசையில்?

நாடித்துடிப்பு:

சோற்றைக் கூட்டுவதற்கு முன் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. நீண்ட பட்டினியில் இன்சுலின் குறைந்திருக்கும். திடீரென்று மாவுச்சத்து நிறைய உள்ளே போனால் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் செல்களுக்குள் இழுக்கப்படும். ரத்தத்தில் அவை சரிந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பது இதுதான். பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 16க்குக் கீழே இருப்பவர்கள், பத்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட எதுவும் சாப்பிடாதவர்கள், 3 முதல் 6 மாதத்துக்குள் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவர்கள் வீட்டிலேயே முயற்சி செய்யக்கூடாது. உங்கள் தங்கையின் பிஎம்ஐ 18.4 வருகிறது. கடைசி ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது என்பதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

ஈசிஜி, சர்க்கரை, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), டிஎஸ்எச் (தைராய்டுக்கானது), எலக்ட்ரோலைட்ஸ் (ரத்தத்தின் தாது உப்புகள்) எடுக்க வேண்டும். லேபில் 'எலக்ட்ரோலைட்ஸ்' என்று மட்டும் சொன்னால் பாஸ்பரசும் மெக்னீசியமும் பெரும்பாலும் அதில் வராது. சீட்டில் அவற்றைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்றதும் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். விழித்திருக்கும்போதே நாடி 50க்குக் கீழே போனாலோ, மயக்கம் வந்து விழுந்தாலோ அன்றே மருத்துவமனை.

மாதவிலக்குக்கு, சங்கடமாக இருந்தாலும், முதலில் கர்ப்பப் பரிசோதனை. பிறகு புரோலாக்டின், எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ரடியால் என்ற ஹார்மோன் பரிசோதனைகள். இங்கே ஒரு எச்சரிக்கை. உணவுக் குறைவால் விலக்கு நின்றவர்களுக்கும் ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டிகள் தெரியலாம். அதை மட்டும் வைத்துப் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று முடிவு கட்டி, "இன்னும் கொஞ்சம் எடை குறைங்க" என்று சொல்லிவிட்டால் நிலைமை நேர் எதிராகப் போகும். 14 கிலோ குறைந்த கதையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஹார்மோன் மாத்திரை போட்டு ரத்தப்போக்கு வந்தால் அது குணமானதற்கு அடையாளம் இல்லை. விலக்கு நின்றதால் வரும் எலும்புத் தேய்மானமும் அதனால் நிற்காது.

அரைப்படி:

பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்த பிறகு நான் சொல்லும் வரிசை: முதலில் நேரம், அடுத்து அளவு, கடைசியில் வகை. அம்மா அளவில் தொடங்கியதால்தான் இடிக்கிறது.

மூன்று வேளைச் சாப்பாடு, மூன்று சிறுதீனி, இடைவெளி மூன்றரை மணிக்கு மேல் போகக்கூடாது. 7.30க்கு ரெண்டு இட்லி, பொடிக்கு ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். 10.30க்கு வாழைப்பழம். 1 மணிக்கு ஒரு கப் குழைந்த சாதம், அரை கப் பருப்பு, ஒரு டீஸ்பூன் நெய், வேகவைத்த பூசணி அல்லது கேரட், கொஞ்சம் தயிர். 4.30க்குக் கடலை மிட்டாயும் ஒரு டம்ளர் பாலும். 8 மணிக்குத் தோசை ரெண்டு அல்லது இடியாப்பம், கூட ஒரு முட்டை. 10 மணிக்கு மறுபடி பால். இது முதல் சில நாளுக்கு மட்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே ஒரு இடத்தில் கூட்டுங்கள்: மூன்றாவது இட்லி, அடுத்த தடவை ஒரு கரண்டி சாதம், அதற்கடுத்து ஒரு பிடி வேர்க்கடலை.

வயிறு கல்லாவது பாவனை இல்லை. மாதக்கணக்கில் குறைவாகச் சாப்பிட்டால் இரைப்பை காலியாகும் வேகம் குறைந்துவிடும். அதனால் தொடக்கத்தில் பச்சைக் காய், முளைகட்டிய பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை வேண்டாம். நார் அதிகம், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 'ஹெல்த்தி' என்று வீட்டில் எல்லாரும் சாலட்டைத்தான் நீட்டுவார்கள், மறுத்துவிடுங்கள். திட உணவு இறங்காத வேளையில் பால் விட்ட கேழ்வரகுக் கஞ்சி உதவும், திரவம் சீக்கிரம் நகரும். சாப்பாட்டுக்கு முன் ரெண்டு டம்ளர் தண்ணீர், பிளாக் காபி இரண்டும் பசியை அமுக்கும் பழைய தந்திரங்கள், அவை கட். சீரகத் தண்ணீர் குடிக்கலாம், ஒரு வேளைக்குப் பதிலாக அல்ல.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணக்கில், உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு நாளுக்கு 1,660 கலோரி. அது நல்ல உடம்பு அப்படியே இருக்கத் தேவையான அளவு; இழந்ததை மீட்க அதைத் தாண்டிப் போக வேண்டும். இந்த எண் உங்களுக்கு மட்டும். அவளிடம் சொல்லாதீர்கள், போனில் கலோரி ஆப் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

காற்றாலை:

இதுக்கு எதுக்குங்க இவ்ளோ அட்டவணை? பசிச்சா சாப்பிடணும், பசிக்கலன்னா விட்டுடணும். உடம்புக்குத் தெரியும்.

அரைப்படி:

@காற்றாலை, நல்ல நிலையில் இருக்கும் உடம்புக்குத் தெரியும். இங்கே அந்த அளவுகோலே பழுது. பகலில் பசியே தெரியாது, ராத்திரி அடங்காது. பசி வரட்டும் என்று காத்திருந்தால் பகல் முழுக்கப் பட்டினிதான், அது நேராக முறுக்கு டப்பாவில் போய் முடியும். பசி நேரத்துக்கு வரப் பழகும்வரை கடிகாரம்தான். பிறகு நீங்கள் சொல்வதற்கே வரலாம்.

மல்லிகைப்பந்தல்:

ரொம்ப நன்றி. ரத்தப் பரிசோதனையில் தாது உப்புகள் சரி, ஃபெரிட்டின் மட்டும் குறைவு, நாடி 56. மருத்துவர் வீட்டிலேயே தொடரலாம் என்றார். அட்டவணை தொடங்கி 9 நாள், எடை 1.8 கிலோ ஏறிவிட்டது, சாயங்காலம் பாதம் வீங்குகிறது. "எல்லாம் கொழுப்பு, நிறுத்தப் போறேன்" என்று அழுகிறாள். ராத்திரித் தீனியும் ரெண்டு தடவை நடந்தது.

நாடித்துடிப்பு:

கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவுக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். 1.8 கிலோவுக்கு கிட்டத்தட்ட 14,000. ஒன்பது நாளில் அவ்வளவு மிஞ்ச, மேலே உள்ள அட்டவணையும் ரெண்டு ராத்திரித் தீனியும் போதவே போதாது. ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் (சேமிப்பு மாவுச்சத்து) திரும்ப நிரம்பும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். இன்சுலின் ஏறுவதால் சிறுநீரகம் உப்பையும் தக்கவைக்கும். குடலில் மறுபடி உணவு இருக்கிறது, அதற்கும் எடை உண்டு.

வீக்கத்துக்குக் கால்களைத் தலையணை மேல் வைத்துப் படுக்கட்டும். நீர் மாத்திரை கூடவே கூடாது, பொட்டாசியத்தை இறக்கிவிடும். மருத்துவரிடம் போனில் வீக்கத்தைச் சொல்லி, உப்புகளை மறுபடி பார்க்கலாமா என்று கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ, படபடப்பு வந்தாலோ, வீக்கம் முழங்காலைத் தாண்டினாலோ அன்றே போக வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் டீ, காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். முடி இன்னும் சில வாரம் கொட்டும்; உடம்புக்கு வந்த அதிர்ச்சிக்கு ரெண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி உதிரும் என்பதால், இப்போதைய சாப்பாட்டின் பலன் தாமதமாகத்தான் தெரியும்.

திண்ணைவிளக்கு:

ராத்திரித் தீனியை ஒழுக்கக் குறைவாகப் பார்க்காதீர்கள். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் நினைப்பெல்லாம் சாப்பாடாகவே ஆனது. சோதனை முடிந்து வேண்டிய மட்டும் கிடைத்த பிறகும் சிலருக்கு வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை. பட்டினி செய்யும் வேலை அது.

சங்கிலியை அறுக்க வேண்டிய இடம் மறுநாள் காலை. ராத்திரி எவ்வளவு போயிருந்தாலும் 7.30 இட்லி அப்படியே இருக்கட்டும், ஒன்றைக்கூடக் குறைக்காமல். முறுக்கு டப்பாவைப் பூட்டி வைப்பது எதிர்விளைவுதான் தரும். 4.30 மணிக்கு ரெண்டு முறுக்கை ஒரு தட்டில் வைத்து, யாராவது கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். பயப்படும் பண்டங்களை அவளே எழுதி, பயம் குறைந்ததிலிருந்து மேலே போகட்டும்; வாரம் ஒன்று போதும். பூரி கடைசியில் வந்தால் வரட்டும்.

எடை இயந்திரம் பரணுக்குப் போகலாம், கிளினிக்கில் எண் கண்ணில் படாதபடி திரும்பி நின்று எடை பார்த்தால் போதும். "பூசினாப்புல இருக்கே" என்று பாராட்டும் அத்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அந்த ஒரு வார்த்தையில் ரெண்டு வேளை போய்விடும். சஷ்டி, ஏகாதசி, புரட்டாசிச் சனி என்று விரதம் கேட்பாள். பக்தியை நான் குறை சொல்லவில்லை, ஆனால் இந்த வருடம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிடட்டும்.

சாப்பிட்டதும் குளியலறைக்குப் போகிறாளா, பேதி மாத்திரை இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், அல்லது உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்கிற பேச்சு வந்தால், மனநல மருத்துவர் உடனே வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416 இலவசம், தமிழில் பேசலாம்.

மல்லிகைப்பந்தல்:

மருத்துவரிடம் வீக்கத்தைச் சொல்லியாயிற்று, நாளைக்கு வரச் சொன்னார். காலையில் 5 கி.மீ. ஓடுகிறாள், அதைத் தொடரலாமா?

நாடித்துடிப்பு:

வேண்டாம். விலக்கு தானாக வந்து, குறைந்தது மூன்று சுழற்சி ஒழுங்காக ஓடும்வரை ஓட்டம் நிற்கட்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். எலும்பு பலவீனமாக இருக்கும்போது ஓடினால் காலில் மயிரிழை விரிசல் விழும் ஆபத்து உண்டு. வீக்கத்தை நாளைக்குப் பார்த்து மருத்துவர் சரி என்றால், சாயங்காலம் 20 நிமிடம் மெதுவான நடை போகலாம், 4.30 மணி பாலைக் குடித்த பிறகு.