வெள்ளவத்தைப் பழைய வீட்டில் இருட்டு ஹோல்: எங்கிருந்து தொடங்குவது?

ஒழுங்கைவீட்டுக்காரி

வணக்கம். சித்திரைக்குப் பிறகு பெரியம்மாவின் வீட்டில் குடியிருக்கிறோம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், 1950களில் கட்டிய ஓட்டு வீடு. பெரியம்மா போன பிறகு இரண்டு வருடம் பூட்டியே கிடந்தது. தளபாடங்களை உறவினர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியவை ஒரு சாய்மனைக் கதிரையும் ஓடாத சுவர் மணிக்கூடும்தான். ஹோல் வெறுமையாகக் கிடக்கிறது.

வெறுமை பிரச்சினை இல்லை, இருட்டுத்தான் பிரச்சினை. அகலம் பன்னிரண்டடி, நீளம் பதினெட்டடி. முன்பக்கம் வடக்கே பார்த்த விறாந்தை. அதன் தாழ்வாரம், நெற்றியில் கைவைத்துத் தூரத்தில் பார்ப்பவரைப் போல இறங்கி நிற்கிறது. மேற்கே ஒரு பெரிய யன்னல் உண்டு. ஆனால் ஐந்தடி தள்ளி ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் பக்கச் சுவர், பாசி பிடித்துக் கறுத்துப்போய் எழும்பி நிற்கிறது. கிழக்கே படுக்கையறைகள். மேலே கடும் கபில நிறம் பூசிய பலகைச் சீலிங். காலை பதினொரு மணிக்குப் பத்திரிகை வாசிக்கவும் விளக்குப் போட வேண்டும்.

வந்த வாரமே இவர் ஒரு வெள்ளை எல்.ஈ.டி. குமிழ் வாங்கிவந்து நடுவில் மாட்டினார். இருட்டுப் போனது, ஹோல் இரவுநேரப் பாமசி ஆனது. வந்தவர்கள் முகத்திலெல்லாம் காய்ச்சல் தெரிந்தது.

தரை சிவப்புச் சீமெந்து. பள்ளி விடுமுறைக்கு இங்கே வந்தால், சிவப்பு மெழுகு பூசிய தரையில் பாதி பொச்சுமட்டையை வைத்து, அதன்மேல் ஒரு காலை ஊன்றித் தேய்த்துக்கொண்டே ஹோலைச் சுற்றிவருவது எங்கள் வேலை. அதன்மேல் வெள்ளை டைல் ஒட்டினால் வெளிச்சம் வரும் என்கிறார் இவர். மாமியும் அவர் பக்கம். எனக்கு மனம் வரவில்லை.

கையில் மூன்று இலட்சம் ரூபா இருக்கிறது. பெயின்ட், விளக்கு, செற்றி, திரைச்சீலை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். எதை முதலில் செய்வது? தரை விடயத்தில் யாராவது என் பக்கம் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள், இவருக்குக் காட்ட வேண்டும்.

மூன்றாம்கம்பி

அக்கா, அந்தக் குமிழ்ப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், 6500 கெல்வின் என்று இருக்கும். அது மப்பு மூடிய பகலின் நிறம். ஹோலுக்கு 2700 அல்லது 3000 வாங்குங்கள், அது மஞ்சள் கலந்த வெளிச்சம். வாட்டை மட்டும் பார்க்க வேண்டாம். வாட் என்பது குமிழ் குடிக்கும் மின்சாரம், தரும் வெளிச்சத்தைச் சொல்வது லூமன். உங்கள் ஹோல் ஏறத்தாழ 20 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 150 லூமன் என்றால் 3000. சுவரும் விளக்குக்கூடும் விழுங்குவதையும் சேர்த்து 4000 என்று வையுங்கள். ஒன்பது வாட் எல்.ஈ.டி. குமிழ் ஒன்று 800 லூமன் அளவில் தரும், ஐந்து போதும்.

ஆனால் ஐந்தையும் நடுவில் கொத்தாகத் தொங்கவிட்டால் மறுபடியும் பாமசிதான். சாய்மனைக் கதிரைக்குப் பின்னால் ஒன்று, மூலை மேசையில் ஒன்று, மற்றவை சுவரில் விழும்படி. நடுத்தரை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் சுவர் கறுத்திருந்தால் கண் அறையை இருட்டென்றே எடுத்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் முன்னால் வயரிங். அந்தக் காலத்து வீடென்றால் ரப்பர் உறை போட்ட வயர் இன்னும் உள்ளே இருக்கக்கூடும். அந்த ரப்பர் காய்ந்து, வளைத்தால் பிஸ்கட் போல உதிரும். மெயின் பெட்டியில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் மூன்று இலட்சத்தில் முதல் செலவு அங்கேதான். திரைச்சீலை எங்கேயும் ஓடிவிடாது.

ஓய்வுபெற்ற ஓவசியர்

மகள், இந்த மழைக்குள் பெயின்ட் பூசுகிறேன் என்று இறங்காதீர்கள். வைகாசியில் தொடங்கிய தென்மேற்குப் பருவமழை புரட்டாதி வரை விட்டுவிட்டுப் பெய்யும், பிறகு ஐப்பசி மழை. இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டுச் சுவர் தை மாதத்தில்தான் காயும்.

சுவர் என்ன பூச்சு என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். மூலையில் ஆணியால் சுரண்டினால் வெள்ளையாக மாவு போல உதிர்கிறதா, அது சுண்ணாம்புச் சாந்து. சாம்பல் நிறத்தில் ஆணிக்கு இடங்கொடாமல் நிற்கிறதா, சீமெந்து. சுண்ணாம்புச் சுவரில் பளபளக்கும் பிளாஸ்டிக் பெயின்ட் பூசினால், நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் போடும். சுண்ணாம்பே பூசுங்கள். விலையும் குறைவு, வெண்மையும் கண்ணைக் குத்தாது.

இனி வெளிச்சம். கொழும்பு வட அகலக்கோடு 7 பாகைக்கு அண்மையில் இருக்கிறது. நடுப்பகல் வெயில் பங்குனி, சித்திரையில் உச்சிக்கு வந்து, ஆவணி வரை சற்று வடக்கே நின்று, பிறகு தெற்கே போகும். வடக்கே நிற்கும்போதும் தலைக்கு மேலேதான், உச்சியிலிருந்து 17 பாகை கூடச் சாயாது. ஆகவே நடுப்பகலில் உங்கள் விறாந்தைக்குள் நேர்வெயில் நுழைய வழியில்லை. வாசல் நிலத்தில் பட்டு மேலே தெறிப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் வெளிச்சம். வாசலில் கறுப்புக் கல் பதித்திருந்தால் எடுத்துவிட்டு மணல் நிறத்தில் ஏதாவது போடுங்கள். தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தை வெள்ளையாக்குங்கள்.

மேற்கு யன்னலுக்கும் இதே கணக்கு. அந்த ஆறு மாடிச் சுவரை எதிரி என்று நினைக்காதீர்கள். அது கிழக்கே பார்த்த சுவர். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் வெயில் உங்கள் கூரையைத் தாண்டி அதில்தான் விழும். கறுத்திருப்பதால் விழுங்கிவிடுகிறது, வெள்ளையாக இருந்தால் உங்கள் யன்னலுக்குத் திருப்பித் தரும். நிர்வாகக் குழுவிடம் அனுமதி கேட்டு, உங்கள் யன்னலுக்கு எதிரேயும் அதற்கு மேலே ஒரு மாடி உயரத்துக்கும் உங்கள் செலவிலேயே பூசுங்கள். உங்கள் வீட்டுக்குள் பூசும் எந்தப் பெயின்டும் இந்த அளவு வேலை செய்யாது.

சீலிங் இல்லாத இடம் ஏதாவது இருந்தால் நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போடலாம். நாலுக்கு மேல் வேண்டாம், பங்குனியில் தலை வேகும்.

தரை: டைல் ஒட்டினால் மட்டம் உயரும், கதவெல்லாம் அடியில் சீவ வேண்டி வரும். அடியிலிருந்து ஈரம் வரும் தரையென்றால் டைல் கிளம்பவும் செய்யும். ஆனால் மருமகன் சொல்வதிலும் நியாயம் உண்டு. யன்னல் வெளிச்சம் முதலில் விழுவது தரையில்தான். யன்னலடியில் மட்டும் வெளிர்நிறப் பன்பாய் ஒன்றை விரித்துப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனையான்

எல்லோரும் ஏன் இருட்டை விரட்டுகிறீர்கள்? பகல் இரண்டு மணிக்குக் காலி வீதியில் பஸ்ஸால் இறங்கி நடந்து வந்து அந்த ஹோலுக்குள் கால் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? வெயிலை வெளியே நிறுத்தத்தான் தாழ்வாரத்தை அவ்வளவு இறக்கினார்கள். நான் அடுக்குமாடியில் கண்ணாடிச் சுவருக்குள் இருக்கிறேன். ஏ.சி. இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க முடியாது.

கொள்ளுப்பிட்டி பகத்தல வீதியின் 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் சொந்த வீடு இருக்கிறது. வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக்கியது. முன்கூட்டியே பதிந்துவிட்டுப் போய்ப் பாருங்கள். நிழலான நடையில் நடந்துபோனால், திடீரென்று ஒரு சின்ன முற்றத்தில் மேலிருந்து வெளிச்சம் விழும். நாலு மூலையும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அந்த மனிதர் நினைக்கவில்லை. ஓரிடத்தில் வெளிச்சம் விழட்டும், மற்ற இடம் நிழலாகவே கிடக்கட்டும். சிவப்புத் தரையில் கை வைத்தால் உங்களோடு கதைக்க மாட்டேன்.

ஒழுங்கைவீட்டுக்காரி

மாசி மாதம் பிறந்துவிட்டது, இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு மன்னியுங்கள். ஓவசியர் ஐயா சொன்னபடி தை வரை சுவரைத் தொடவில்லை.

வயரிங்தான் முதலில். சுவிட்ச் ஒன்றைக் கழற்றி வயரை வளைத்ததும் உறை கறுப்புத் தூளாக எலெக்ட்ரீஷியனின் உள்ளங்கையில் கொட்டியது. அதை மாமிக்கே காட்டினார். அதற்குப் பிறகு அந்தச் செலவைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் அதிலேயே போனது.

பிறகு அந்தச் சுவர். நிர்வாகக் குழுவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். வெள்ளை பூசினால் கட்டடத்தின் மற்ற நிறத்தோடு ஒத்துப்போகாது என்று ஒருவர் மறுத்தார். எந்த நிறம் என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் சம்மதித்தார்கள். சுரண்டிக் கழுவிப் பூச நாலு நாள் எடுத்தது. ஐந்தாம் நாள் காலை பத்தேகாலுக்குக் குசினியிலிருந்து தேநீரோடு வருகிறேன், ஹோலின் பலகைச் சீலிங்கில் வெளிச்சம். பலகைகளுக்கு இடையிலுள்ள கோடுகளும், ஒரு மூலையில் பழைய குளவிக்கூடும் தெரிந்தன. இத்தனை மாதம் அந்தக் கூட்டுக்குக் கீழேதான் இருந்து சாப்பிட்டிருக்கிறோம்!

வீட்டுச் சுவர் சுண்ணாம்புதான், சுண்ணாம்பே பூசினோம். கண்ணாடி ஓடு பின்பக்கத்தில், சாப்பாட்டு மேசைக்கு மேலே. சீலிங்கை அந்தக் கபில நிறத்திலேயே விட்டுவிட்டேன், கொட்டாஞ்சேனை அண்ணாவுக்காக.

தவறுகளையும் சொல்ல வேண்டும். யன்னலுக்கு எதிரே பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தால் வெளிச்சம் இரட்டிக்கும் என்று ஊரெல்லாம் சொல்கிறது. வைத்தேன். எதிர்வீட்டு ஏ.சி. இயந்திரமும் இரண்டு குளியலறை யன்னல்களும் அதில் இரட்டித்தன. இப்போது அது படுக்கையறையில். செற்றிக்கு முற்பணம் வாங்கிய தளபாடக்காரர் நாலு மாதம் இழுத்தடித்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தார். அதுவும் நல்லதாகப் போயிற்று. கண்டி வீதியில் வேவல்தெனியவில் இரண்டு பிரம்புக் கதிரை வாங்கினோம். வேவல் என்றாலே சிங்களத்தில் பிரம்புதான். பின்னலூடாக வெளிச்சம் போவதால் இடத்தை அடைக்கவில்லை. திரைச்சீலை மருதமுனைக் கைத்தறி, பால் நிறம். கம்பியை யன்னலைவிட இருபக்கமும் ஓரடி நீளமாகப் போட்டேன். விலக்கினால் சீலை முழுவதும் சுவருக்குப் போய்விடும், கண்ணாடியை மறைக்காது.

சிவப்புத் தரை பிழைத்தது. யன்னலடிப் பன்பாயில் மாமி கீரை ஆய்கிறார். டைல் பேச்சு அடங்கிவிட்டது என்று நினைக்கிறேன், ஆனால் இவர் இன்னும் குளியலறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மணிக்கூடு இன்னமும் ஓடவில்லை.

ஐயா, ஒரு கேள்வி. புதிதாக வெள்ளை பூசிய அந்த ஆறு மாடிச் சுவரில், எங்கள் யன்னலுக்கு எதிரே சற்று மேலே ஒரு சாண் அகலத்தில் பச்சைக் கோடு இறங்கத் தொடங்கியிருக்கிறது. மூன்று கிழமைதான் ஆகிறது. பெயின்டில் ஏதாவது கலந்திருக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஓவசியர்

பெயின்டில் பிழையில்லை, மகள். மாசியில் மழையில்லாமல் ஒரு கோட்டில் மட்டும் பாசி பிடிக்கிறதென்றால் மேலே ஏ.சி. தண்ணீர்க் குழாய் ஒன்று சுவரில் சொட்டுகிறது. இரவில் டோர்ச் அடித்துப் பாருங்கள், ஈரம் மினுங்கும் இடத்திலிருந்து மேலே போனால் எந்த மாடி என்று தெரிந்துவிடும். அந்த வீட்டுக்காரரிடம் சொல்லி, குழாய்க்கு ஒரு முழங்கை போட்டுச் சுவரைவிட்டு விலக்கி, நிலம் வரை இறக்கச் சொல்லுங்கள். பிறகு பாசியை பிளீச்சிங் பவுடர்த் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு அந்த இடத்தில் மட்டும் பூசினால் போதும்.

நாலாவது கடிதத்துக்குத் தாள் இருக்கிறதா?