இருபடிச் சரிபார்ப்பை அமைத்த அனுபவங்கள்

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

பணி ஓய்வு பெற்ற என் மாமனாரின் ஜிமெயில் கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் ஏற்பாட்டை, அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. வருமான வரித் தளம், பரஸ்பர நிதி அறிக்கை, காப்பீடு என்று எல்லாமே அந்த ஒரே முகவரிக்குத்தான் வந்து சேர்கின்றன. அதைக் கைப்பற்றியவன் மற்ற கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றிவிட முடியும் என்பதால், முதலில் பூட்ட வேண்டியது மின்னஞ்சலைத்தான் என்பது என் கருத்து.

"ஓடிபிதான் வருகிறதே மாப்பிள்ளை, அது போதாதா?" என்று கேட்டார். இணையத்தில் கார்டு வழியாகப் பணம் செலுத்தக் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கிவிட்டதால், பாதுகாப்பு என்றாலே ஓடிபி என்று நமக்குப் பழகிவிட்டது. போலி ஆவணம் காட்டி நம் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிடும் ஒருவனுக்கு அந்த ஓடிபியும் சேர்ந்தே போய்விடும் என்று எடுத்துச் சொன்ன பிறகுதான், நுழைவதற்கான எண்ணைக் கைபேசியிலேயே உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலிக்குச் சம்மதித்தார்.

கணினித் திரையில் தெரிந்த கியூஆர் குறியீட்டை அவருடைய கைபேசியில் ஸ்கேன் செய்ததும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றியது. பக்கத்திலிருந்த சிறு வட்டம் தேய்ந்து முடிந்ததும் வேறு எண் வந்தது. மொபைல் டேட்டாவை நிறுத்திக் காட்டினேன். அப்போதும் எண் மாறிக்கொண்டே இருந்ததைக் கண்டு வியந்துபோனார். அந்தக் குறியீட்டுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதையும் அப்போதைய நேரத்தையும் வைத்துக் கைபேசியும் கூகுளின் கணினியும் 30 நொடிக்கு ஒருமுறை தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன என்பதால் இதற்கு சிக்னலே தேவையில்லை. அதே காரணத்தால்தான் அந்தக் குறியீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது.

அதன்பின் கூகுள் கொடுத்த பத்து மாற்றுக் குறியீடுகளை, ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், அதே கைபேசியில் சேமித்துக்கொள்ளப் போனார். கைபேசி தொலைந்தால் உதவ வேண்டியவை கைபேசிக்குள்ளேயே இருந்து என்ன பயன்? அச்சிட்டு, பீரோவில் வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் உறைக்குள் வைத்துவிட்டோம். ஒரு குறியீடு ஒருமுறைதான் செல்லும் என்பதால், பயன்படுத்தியதை அடித்துவிட ஒரு பேனாவையும் உறையோடு சேர்த்து வைத்தார் மாமனார்.

தோஹாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே சொல்லப்பட்ட உறையின் அருமை என் அறை நண்பருக்குத்தான் தெரியும். ஊரிலிருந்து கொண்டுவந்த பிரீபெய்டு சிம் ரீசார்ஜ் இல்லாமல் செயலிழந்துவிட்டது. அவருடைய முதலீட்டுக் கணக்கோ அந்த எண்ணுக்கு மட்டுமே ஓடிபி அனுப்பும். எண்ணை மாற்றக் கோரினால், அந்தக் கோரிக்கையை உறுதிசெய்யவும் பழைய எண்ணுக்கே ஓடிபி போனது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர்கள் அனைவரும் மிகுந்த பணிவோடு அதே பதிலைச் சொன்னார்கள். கடைசியில் விடுமுறைக்கு ஊர் சென்று, அடையாள அட்டையுடன் கிளையில் நேரில் நின்ற பிறகுதான் எண் மாறியது. வெளிநாடு செல்பவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே, இடம்கொடுக்கும் கணக்குகளிலெல்லாம் ஆதென்டிகேட்டர் செயலியையோ, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகை அல்லது திரைப்பூட்டைக் கொண்டு நுழைய உதவும் பாஸ்கீயையோ சேர்த்துவிடுவது நல்லது. பாஸ்கீ எந்தத் தளத்துக்காக உருவாக்கப்பட்டதோ அங்கே மட்டுமே வேலை செய்யும்; அதனால் போலித் தளத்தில் நாமே ஏமாந்து நுழைந்தாலும் அது திருடு போகாது.

சேலத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

செயலியில் வரும் எண்ணைச் சரியாகத் தட்டச்சு செய்தும் "தவறான குறியீடு" என்றே வருவதாக என் சித்தி தொலைபேசியில் அழைத்தார். போய்ப் பார்த்தால், நல்ல நேரம் தவறிவிடக் கூடாது என்று கைபேசிக் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னதாகவே ஓடவிட்டிருந்தார். அமைப்புகளில் தானியங்கி நேரத்தை இயக்கியதும் அடுத்த எண்ணே ஏற்கப்பட்டது.