பெரட்டுக்குக் கிளம்பிய அம்மாவும் 3.1 கால்சியமும்

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், எலும்புக்கும் பரவியிருந்தது. போன தீபாவளி முடிந்த வாரம் தாகம் தாகம் என்று ராத்திரியெல்லாம் தண்ணீர் குடித்தார், அதே கணக்கில் எழுந்து எழுந்து பாத்ரூம் போனார். சோறு இறங்கவில்லை, ஐந்து நாளாக வயிறும் போகவில்லை. டவுனில் ஒரு கிளினிக்கில் சர்க்கரை மட்டும் பார்த்தார்கள். அது சரியாக இருந்தது, வயசுக்கோளாறு என்று மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பினேன்.

அப்புறம் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "பெரட்டுக்கு நேரமாச்சு, வாளி எங்கடா?" பெரட்டு என்றால் ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிடுவது. பால்மரம் வெட்டுவதை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்தத் தோட்டமே இப்போது செம்பனை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தபோது உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது.

அன்றே ஈப்போவுக்குக் கொண்டு போனோம். ரத்தத்தில் கால்சியம் லிட்டருக்கு 3.1 மில்லிமோல். ஏறக்குறைய 2.6 வரைதான் இருக்கலாமாம். அதோடு விடாமல், கால்சியம் ஒட்டிக்கொள்ளும் ரத்தப் புரதமான அல்புமின் 28 தான், 40-க்குக் கீழே ஒவ்வொரு புள்ளிக்கும் 0.02 கூட்டினால் உண்மையில் 3.34 என்று டாக்டர் தாளில் போட்டுக் காட்டினார். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி விடும், கால்சியத்தை ஏற்றும் ஹார்மோனும் குறைவு, அதனால் அந்தச் சுரப்பிமேல் பழி இல்லை, புற்றுநோய்தான் எலும்பிலிருந்து கால்சியத்தை ரத்தத்தில் இறக்குகிறது என்றார். பாலையும் நெத்திலியையும் நிறுத்தவா என்று கேட்டேன். சாப்பாட்டால் வந்தது இல்லை, ஆனால் கால்சியம் மாத்திரை கொடுக்காதீர்கள் என்றார். அதைத்தான் எலும்புக்கு நல்லது என்று தினமும் என் கையாலேயே கொடுத்திருந்தேன்.

முதலில் உப்புத் தண்ணீர் டிரிப், உடம்பு அவ்வளவு வற்றிப்போயிருந்தது. கூடவே கால்சியத்தைக் குறைக்கும் கால்சிட்டோனின் ஊசி, சில மணி நேரத்தில் வேலை செய்யும், ஆனால் இரண்டு நாளில் அதன் பலம் போய்விடும். சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டு எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலெட்ரோனிக் ஆசிட் 4 மில்லிகிராம், பதினைந்து நிமிடம் ஏற்றினார்கள். அது பிடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்று முன்கூட்டியே சொன்னதால் மறுநாளும் அம்மா உளறியபோது பதறாமல் இருந்தேன். நாலாம் நாள் காலை கண்ணைத் திறந்து, "கோழிக்குத் தீனி போட்டியா தம்பி?" என்றார்.

வீட்டில் புற்றுநோய்க்காரர் இருந்து தாகம், மலச்சிக்கல், குழப்பம் சேர்ந்து வந்தால், கால்சியம் பார்த்தீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நோய் அடங்காதவரை அது திரும்பவும் ஏறும். இரண்டு மாதம் கழித்து அம்மா ராத்திரி மூன்றாவது தடவை தண்ணீர் கேட்டதும் நான் காரை எடுத்துவிட்டேன். அன்று 2.9.