ஒட்டுசுட்டான் – நெடுங்கேணி – புளியங்குளம் – மாங்குளம்: ஒரு நாள் சைக்கிள் ஓட்டம், எந்தப் பக்கத்தால சுத்துறது?

முள்ளியவளைப் பொடியன்:
ஆவணியில ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சு பேர் போறம். ஒட்டுசுட்டானில வெளிக்கிட்டு நெடுங்கேணி, புளியங்குளம், பிறகு ஏ9 ஆல மாங்குளம், திரும்ப ஒட்டுசுட்டான். 80 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். மூண்டு லுமாலாச் சைக்கிள், கியர் இல்லை. முன்னுக்கு 44 பல்லு, பின்னுக்கு 18. மற்ற ரெண்டும் கியர் சைக்கிள். ஏத்தங்களில லுமாலாக்காரர் பிந்திப் போகாமல் இருக்க பின் பல்லை மாத்தலாமோ? என்ன சாமான் கொண்டு போகவேணும்?

சோழகம்:
தம்பி, வன்னியில ஒதியமலை, குருந்தூர்மலை எண்டு பேரிலதான் மலை. றோட்டில வாறது சின்னச் சின்ன ஏத்த இறக்கம். ஆவணியில ஆளை விழுத்துறது ஏத்தமில்லை, தென்மேற்கால வீசுற சோழகக் காத்து. நீங்கள் சொன்ன பக்கத்தால சுத்தினா நெடுங்கேணியில இருந்து புளியங்குளம் மட்டும் காத்து நேர முகத்தில அடிக்கும்.

மற்றப் பக்கத்தால சுத்துங்கோ. காத்து எழும்ப முதல் ஒட்டுசுட்டான் – மாங்குளம் முடியவேணும். மாங்குளத்தில இருந்து புளியங்குளம் வரை ஏ9, லொறியும் பஸ்சும் வேகமா வரும். கரையோட ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா போங்கோ. காத்தும் எதிரதான், ஆனா முன்னுக்குப் போறவர் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மாறினா சமாளிக்கலாம். புளியங்குளத்தில திரும்பினதும் காத்து முதுகில. வெயில் ஏறின நேரம் நெடுங்கேணி ஏத்தங்களைக் காத்தே தள்ளி விடும்.

விடியப்புறம் இருட்டோட வெளிக்கிடாதேங்கோ, அது யானை றோட்டைக் கடக்கிற நேரம். நல்லா வெளிச்ச பிறகு, ஆறேகாலுக்கு, காணும். யானை நிண்டா பெல் அடிக்காமல் தூரத்திலயே நில்லுங்கோ.

பிறீவீல்:
பல்லை மாத்தலாம். ஆனா 22 போடாதேங்கோ, 20 காணும். 28 அங்குல ரயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 2.2 மீற்றர் ஓடும். 44க்கு 18 எண்டா பெடல் ஒருக்காச் சுத்த 5.4 மீற்றர், 20 எண்டா 4.8, 22 எண்டா 4.4. நிமிசத்துக்கு 60 தரம் உழக்கினா மணிக்கு 19, 17, 16 கிலோமீற்றர். 22 போட்டா ஏத்தம் லேசு, மட்டமான றோட்டில காலைச் சும்மா சுத்திக்கொண்டு இருப்பியள்.

பின் சில்லில பல்லோட இருக்கிற பழைய பிறீவீலைக் கழட்டுறதுதான் வில்லங்கம். உழக்க உழக்க அது இறுகிற சாமான். கழட்டிறதுக்கெண்டு இருக்கிற சாவியை வைஸில பிடிச்சு, சில்லை மேல வைச்சு இடப்பக்கம் திருப்பவேணும். ரெண்டு நாள் முதலே எண்ணெய் விட்டு வையுங்கோ. சுத்தியலால தட்டினா சாவி பிடிக்கிற வெட்டு உடைஞ்சு பிறகு ஒண்டும் செய்யேலாது.

முள்ளியவளைப் பொடியன்:
நன்றி அண்ணை. செயின் கட்டையாப் போகாதோ?

பிறீவீல்:
ரெண்டு பல்லுக் கூடினா சில்லைக் கால் அங்குலம் முன்னுக்குத் தள்ளினா சரி. அச்சு ஏற்கெனவே முன் முனையில முட்டிக்கொண்டு நிண்டா இடமில்லை, செயினில ஒரு அங்குலம் சேர்க்கவேணும். சில்லு நகர்ந்தா பின் பிரேக் கட்டைக்கும் றிம்முக்கும் இடைவெளி மாறும், அதையும் பாருங்கோ.

செயினை அளந்து பாருங்கோ. 24 ஆணி இடைவெளி சரியா 12 அங்குலம் வரவேணும். அரைக்கால் அங்குலம் கூட வந்தா செயினையும் மாத்துங்கோ. இழுபட்ட செயின் புதுப் பல்லில உக்காராது, ஏத்தத்தில எழும்பி நிண்டு மிதிக்கேக்க 'டக்' எண்டு வழுக்கும், முழங்கால் ஹான்டிலில போய் அடிக்கும்.

கியர் சைக்கிள்காரர் ஏத்தம் தொடங்க முதலே கியரைக் குறைக்கவேணும். பாரத்தோட மாத்தினா செயின் கழரும்.

நெருஞ்சிமுள்:
சாமான் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. லுமாலா வால்வும் கியர் சைக்கிள் வால்வும் ஒண்டில்லை, ஒரு பம் எல்லாத்துக்கும் பொருந்தாது. வீட்டில வைச்சே அஞ்சிலயும் அடிச்சுப் பாருங்கோ. லுமாலா வால்வுக்குள்ள போடுற சின்ன இறப்பர்க் குழாய் நாலு வைச்சிருங்கோ, வெயிலுக்கு வெடிக்கிறது அதுதான். ஒவ்வொரு அளவிலயும் ஒரு ரியூப், ஒட்டு, சொலுஷன்.

முள் ஏறினா ரியூப்பை மட்டும் ஒட்டிப்போட்டுப் பூட்டாதேங்கோ. ரயரின்ர உள்பக்கத்தை விரலால மெதுவாத் தடவினா முள்ளின்ர நுனி தட்டுப்படும். எடுக்காட்டி ரெண்டு கிலோமீற்றரில அதே இடத்தில திரும்பவும் காத்துப் போகும். சொலுஷன் பூசி அது காய்ஞ்சு மங்கின பிறகுதான் ஒட்டை வையுங்கோ.

இறக்கம் முடியிற இடத்தில மதகு இருக்கும், அதில மணல் கிடக்கும். பிரேக்கை மணலுக்கு முதலே பிடிச்சு விடுங்கோ, மணலுக்குள்ள பிடிச்சா முன்சில்லு வழுக்கும்.

தண்ணி ஆளுக்கு மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றர். புளியங்குளத்தில எல்லாப் போத்தலையும் நிரப்புங்கோ, அங்கால கடை குறைவு. தண்ணியில கரைச்சுக் குடிக்கிற ஜீவனி உப்புத்தூள் ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணி. அரைப் போத்தலுக்குள்ள கொட்டினா உப்புக் கூடி வயித்தைப் பிரட்டும்.

மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகை கண்டா ஒதுங்கக்கூட பத்தைக்குள்ள இறங்காதேங்கோ, றோட்டுக் கரையிலயே அலுவலை முடியுங்கோ.